அம்மா, அவன்கிட்ட சொல்லு

கதவு சும்மா சாத்தித்தான் இருக்கும், பூட்டியிருக்காது, யாருக்காவது மூச்சு முட்டினால் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடலாம் என்று வாசலில் நின்ற பெண் சொன்னபோது சண்முகவடிவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பூட்டாத அறைக்குள் அடைத்து வைத்து என்ன பிரயோஜனம்? மாப்பிள்ளை சொன்னது அப்படியில்லையே. "ஒரு மணி நேரம் அத்தை. அக்காளும் தம்பியும் ஒரே ரூம்ல. கையில போன் கிடையாது, கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போகவும் முடியாது. பூட்டைத் தொறந்து வெளிய வரணும்னா வாயைத் தொறந்து பேசித்தானே ஆகணும்" என்று போன வாரம் போனில் கதிரேசன் சொல்லிவிட்டு, அந்த விளையாட்டையே தான்தான் கண்டுபிடித்த மாதிரி சிரித்தார். நல்ல மனுஷன். அத்தைக்கு எழுபது பிறக்குது, எல்லாருமா எங்கயாவது போவோம் என்று சொல்லி ஹேமாவைக் கிளப்பியதும் அவர்தான், அதையே சொல்லி மச்சினன் அப்புவைப் போரூரிலிருந்து வரவழைத்ததும் அவர்தான். வேளச்சேரியில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடியில் எஸ்கேப் ரூம், புதிரை அவிழ்த்துப் பூட்டைத் திறந்து தப்பிக்கிற விளையாட்டாம். படி ஏறும்போதே கீழேயிருந்து பப்ஸ் வாசனை வந்தது. அப்பு முன்னால் ஏறினான், ஹேமா கடைசியாக ஏறினாள், நடுவில் அவள். மூன்று வருஷமாக இப்படித்தான். அவள் வீட்டுக்காரர் ஐசியூவில் கிடந்தபோது டாக்டர் கேட்டார், தொண்டையில் குழாய் போடவா, இல்லை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று. ஹேமாதான் வீட்டுக்கு என்றாள். அப்பு அப்போது புனேயிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தான். ரயில் குண்டக்கல் தாண்டுவதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டார். பதினாறாம் நாள் விசேஷத்தில், சொந்தபந்தம் அத்தனை பேரும் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அப்பு சொன்னான், "அக்காவுக்கு அவசரம். நான் வந்து முகம் பாக்கிற வரைக்கும் அப்பாவை வச்சிருக்க முடியல." அவ்வளவுதான். ஹேமா சோற்றில் கை வைக்காமல் எழுந்து போனாள். பாவி, அந்த ஒரு சொல்லை விழுங்கியிருக்கக் கூடாதா. சாம்பாரோடு சேர்த்து விழுங்கியிருக்கலாமே. இவளும்தான் என்ன, சின்னவன், துக்கத்தில் உளறுகிறான் என்று விட்டிருக்கலாமே. இப்போது படியில் இரண்டு பேருடைய செருப்புச் சத்தமும் முன்னாலும் பின்னாலும் கேட்டது, அவளுக்கு மூட்டு வலித்தது.

ஆட்டத்துக்குப் பெயர் ஜமீன் பங்களா மர்மமாம். உள்ளே போனால் ஜமீனும் இல்லை, பங்களாவும் இல்லை. தெர்மாகோல் சுவரில் செங்கல் மாதிரி கோடு போட்டிருந்தார்கள், ஒரு மூலையில் அது பிய்ந்து வெள்ளையாகப் பல்லைக் காட்டியது. எலும்புக்கூடு ஒன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, அதன் வலது கையைக் கரண்டுக்காரர்கள் ஒட்டுகிற கறுப்பு டேப்பால் சுற்றி வைத்திருந்தார்கள். ஏசி உறுமியதே தவிர குளிரவில்லை. ஈரக் கம்பள நாற்றம். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்தாள். ஜமீன்தார் மனைவியின் அறை என்று போட்டிருந்த பக்கத்தில் துணியெல்லாம் கலைந்து கிடந்தது, அவளுக்குக் கை சும்மா இருக்குமா, ஒரு பழைய சேலையை எடுத்து நாலாக மடித்துக் கட்டிலில் வைத்தாள். "அம்மா, மடிக்காதம்மா, அதுல எதும் க்ளூ இருக்கும்" என்று ஹேமா பறித்து உதறினாள். ஒன்றும் விழவில்லை. அறையை நடுவில் ஒரு கம்பித் தட்டி பிரித்தது. ஒரு பக்கம் இரண்டு பேர், மறுபக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் கிடைக்கிறதை இந்தப் பக்கம் சொல்ல வேண்டும், இந்தப் பக்கத்துப் பெட்டியைத் திறந்தால் அந்தப் பக்கத்துக்குச் சாவி, அதுதான் ஆட்டமே என்று அந்தப் பெண் விளக்கியபோது கதிரேசன் அத்தையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அப்புவை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனதும் அவர்தான். போனவர் நேராக அங்கே கிடந்த இன்னொரு கட்டிலுக்கு அடியில் புகுந்து, "நான் கீழ தேடுறேன் மாப்ள, நீ மேல பாரு" என்று சத்தம் கொடுத்துவிட்டு அங்கேயே கிடந்தார். அப்பு கம்பி ஓரம் வந்து நின்றான். இந்தப் பக்கம் ஹேமா நின்றாள். கை நீட்டினால் தொட்டுவிடலாம். சண்முகவடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேளேன்டா. ஒரு வார்த்தை. அக்கா, அங்க என்ன இருக்கு, அவ்வளவுதானே. அப்பு தொண்டையைச் செருமினான். "அம்மா," என்றான், "அந்தப் பக்கம் பெட்டியில என்ன கலர் பட்டன் இருக்குன்னு கேளு." ஹேமா அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "செகப்பும் பச்சையும்னு அவன்கிட்ட சொல்லும்மா" என்றாள். போச்சு. பூட்டாவது புண்ணாக்காவது. இது அவர்கள் குடும்ப ரத்தம், வேறெங்கே போகும்? அவள் கல்யாணமாகி வந்த வீட்டில் அவள் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் ஒரே முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டு, ஒருத்தருக்கொருத்தர் சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். "மோட்டாரைப் போட்டுக்கலாம்னு சொல்லு" என்பார் இவர் சுவரிடம். "போட்டாச்சுன்னு சொல்லு" என்பார் அவர். புதுசாக வந்த இவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது அன்றைக்கு. அந்தச் சுவர் வேலை நம் தலையில் வந்து விடியும் என்று யார் கண்டது.

ஆனால் ஒன்று, முதல் பூட்டு திறந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். அப்பு பக்கத்துப் படத்தில் மயில் எத்தனை, யானை எத்தனை என்று எண்ணிச் சொன்னான், அவள் திரும்பி ஹேமாவிடம் சொன்னாள், ஹேமா அமுக்கினாள், பெட்டி டொக்கென்று வாயைப் பிளந்தது. "ஏ, தொறந்துட்டு!" என்று ஹேமா சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள், சிரித்தாள். அந்தச் சிரிப்பு கம்பிக்கு அந்தப் பக்கம் போனதை, அப்புவின் முகத்தில் போய்ப் பட்டதை, அவன் வாயோரம் தன்னையறியாமல் அசைந்ததை அவள் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. முப்பத்துச் சொச்சம் வருஷம் டெலிபோன் டிபார்ட்மெண்டில் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவள் அவள். காதில் கருவி, எதிரே பலகை நிறையத் துளை, கையில் கயிறு. பாளையங்கோட்டையைப் பம்பாயோடு சேர்ப்பாள், கோவில்பட்டியைக் கொழும்போடு சேர்ப்பாள். எத்தனை சாவுச் செய்தி, எத்தனை பிள்ளைப் பேறு, எத்தனை ரோஷக்காரன் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றிருக்கிறான், "பேசுங்க சார், லைன்ல இருக்காங்க" என்று இவள்தான் தள்ளிவிட்டிருக்கிறாள். ஊர் உலகத்தையெல்லாம் பேச வைத்தாய், உன் வயிற்றில் பிறந்த இரண்டைப் பேச வைக்க வக்கில்லையே வடிவு. நம்பர் என்றால் அவளிடம்தான் கேட்பார்கள். மில் நம்பர், கலெக்டர் ஆபீஸ் நம்பர், ஆஸ்பத்திரி நம்பர், புத்தகம் புரட்டவே மாட்டாள். சூப்பர்வைசரே வந்து நிற்பார், "வடிவு, அந்தத் தூத்துக்குடி உப்புக் கம்பெனி நம்பர் என்னம்மா?" அவள் அடுத்த இணைப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். அது ஒரு திமிர். இருக்கத்தானே செய்யும்.

இருந்தது என்று சொல்ல வேண்டும். இப்போது அதை நினைக்கப் பிடிக்கவில்லை, நினைக்காமல் இரு, சேலையை மடி, மடிக்காதே என்கிறாளே, சரி, கையைக் கட்டிக்கொள். பால் விஷயம் அப்புவுக்கு மட்டும்தான் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் அவன் வந்தபோது வீடு முழுக்கப் புகை, பாத்திரம் கரிக்கட்டை, அவள் பால்கனியில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "வயசானா இப்படித்தான்ல, ஒரு தடவைதானே, உங்க அக்காட்ட சொல்லிராத, அவ ஊரைக் கூட்டிருவா" என்றாள். "நான் எங்க அவகிட்ட பேசப் போறேன்" என்றான் அவன். அந்த நிமிஷம், கடவுளே, அந்த நிமிஷம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஆட்டோ ஸ்டாண்டு விஷயம் ஹேமாவுக்கு மட்டும்தான். குரோம்பேட்டை மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டு திரும்பியவளுக்கு எந்தத் தெருவில் நுழைவது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்றால், பத்து வருஷமாக நடக்கிற தெரு அது, எல்லாத் தெருவும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஆட்டோக்காரர் ஒருத்தர் உட்கார வைத்து, தண்ணி கொடுத்து, அவள் போனிலிருந்து ஹேமாவைக் கூப்பிட்டார். "வெயிலு கண்ணு, தலை சுத்திட்டு, அப்புவுக்குத் தெரிஞ்சா பதறுவான், சொல்லிராத." "எனக்கென்ன, அவன்கிட்ட நான் என்ன சொல்லப் போறேன்" என்றாள் ஹேமாவும். ஞாயிற்றுக்கிழமை இவள், சனிக்கிழமை அவன், ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் முறை வைத்து வருகிறார்கள், ஆளுக்குப் பாதி பாதியாக அவளைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பாதியும் சேராத வரைக்கும் அவள் முழுசாக இருக்கிறாள். இதை அவள் ஒரு நாள் குளிக்கும்போது நினைத்தாள், அப்புறம் தலையில் தண்ணியை ஊற்றிக்கொண்டே இருந்தாள். எந்தத் தாயாவது பிள்ளைகள் பேசாமலிருப்பது நல்லதுக்குத்தான் என்று நினைப்பாளா? நினைக்கவில்லை. ஒரு கணம் அப்படி வந்தது, போய்விட்டது. திருச்செந்தூருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள், பேச வை முருகா என்றுதான். அவர்கள் பேசட்டும், அதற்கப்புறம் தன்னை என்ன வேண்டுமானாலும் பண்ணட்டும் என்று ஒரு நாள் வேண்டினாள். அடுத்த நாளே, என்ன வேண்டுமானாலும் என்று ஏன் சொன்னோம் என்று பயந்தாள். தனியாக இருக்கிற வீடு. காலையில் காப்பி, பேப்பர், யாரையும் கேட்காமல் எழுந்து யாரையும் கேட்காமல் படுக்கிற வீடு. அது போய்விடக் கூடாது.

"அம்மா! தூங்கிட்டியா? நம்பர் சொல்றேன், வாங்கிக்கோ" என்று அப்பு கம்பிக்குள் விரலை விட்டு ஆட்டினான். சுவரில் ஐந்து கடிகாரம், ஒவ்வொன்றும் ஒரு மணியில் நிற்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டானாம், முகத்தில் அத்தனை பெருமை, அப்படியே பரீட்சைப் பேப்பரைக் கொண்டுவந்து நீட்டுகிற மூஞ்சி. எட்டு, ஒண்ணு, ஒண்ணு, ஆறு, நாலு. "எட்டு ஒண்ணு ஒண்ணு ஆறு நாலு" என்று அவள் திருப்பிச் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். அது அவளுக்கே கேட்டது. ஹேமா அறையின் மறுகோடியில், ஏசி உறுமலில் எதுவும் காதில் விழாமல், இரும்புப் பெட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள், மூன்று தடவை தப்பாக அமுக்கினால் பெட்டி நின்றுவிடும், அவ்வளவுதான் ஆட்டம் என்று அந்தப் பெண் எச்சரித்திருந்தாள். பத்தடி தூரம். எலும்புக்கூட்டின் முழங்காலில் சேலை தட்டியது, விலகினாள், எட்டு, எட்டு ஒண்ணு, ஏசியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் பிடரியில் விழுந்தது, எட்டு, ஹேமாவின் உச்சியில் நரை தெரிகிறதே, எப்போது நரைத்தாள் இவள், நேற்றுத்தானே எண்ணெய் தேய்த்து இரட்டை ஜடை பின்னி, எட்டு, அப்புறம் ஒன்றும் இல்லை. காலியாக இருந்தது. எக்ஸ்சேஞ்ச் பலகையில் எல்லா விளக்கும் அணைந்து போனால் எப்படி இருக்கும், அப்படி. நின்றாள். "சொல்லும்மா" என்றாள் ஹேமா திரும்பாமல். திரும்பிப் போய் அவனிடம் கேட்கலாம். என்னல சொன்ன, மறந்துட்டேன். இதில் என்ன இருக்கிறது, யாருக்கும்தான் மறக்கும், ஐந்து நம்பர், எழுபது வயசு. ஆனால் அவன் பார்ப்பான். அந்தப் பார்வை, புகைக்கு நடுவில் நின்று பார்த்தானே அந்தப் பார்வை. இவளும் பார்ப்பாள். கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். தேடு வடிவு, உனக்கா தெரியாது, வாயைத் திற, நம்பர் தானாக வரும், எப்போதும் வாய்க்குத்தான் தெரியும், மண்டைக்குத் தெரியாது. வாயைத் திறந்தாள். வந்தது. தங்குதடையில்லாமல் வந்தது, பழைய தெம்போடு, பழைய குரலோடு. "ஏழு மூணு நாலு ஒம்பது ரெண்டு." அப்பாடா. கண்ணை மூடிக்கொண்டாள். ஹேமா அமுக்கினாள், பெட்டி பீப் என்றது, சிவப்பு எரிந்தது. "தப்புங்குதும்மா. சரியாக் கேட்டியா?" "ஏழு மூணு நாலு ஒம்பது ரெண்டு. அதான் சொன்னான். நீ ஒழுங்கா அமுக்குட்டி." கோபம் வேறு வந்தது அவளுக்கு. மறுபடி அமுக்கினாள், மறுபடி சிவப்பு. மூன்றாவது தடவைக்கு நீட்டிய விரல் அந்தரத்தில் நின்றது. ஹேமா மெல்லத் திரும்பினாள். "அம்மா, இது பாளையங்கோட்டையில நம்ம வீட்டுப் போன் நம்பரும்மா."

கட்டிலுக்கு அடியிலிருந்து கதிரேசன்கூட அசையவில்லை. அப்பு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவள் திரும்பாமலே அறிந்தாள். "எட்டு ஒண்ணு ஒண்ணு ஆறு நாலுன்னேன்" என்றான் அவன், மெதுவாக, யாரிடம் சொல்கிறான் என்று தெரியாதபடி. ஹேமா பெட்டியைத் தொடவே இல்லை. சண்முகவடிவு சிரித்தாள். "பாத்தியா, பழைய நெனப்பு. எக்ஸ்சேஞ்சுக்காரி புத்தி எங்க போகும்" என்றாள், சிரிப்பு வறட்டுச் சத்தமாக வந்தது, தானே நிறுத்திக்கொண்டாள். அமுக்கேன்டி, சரியான நம்பர்தான் வந்துவிட்டதே, ஏன் இரண்டு பேரும் மரம் மாதிரி நிற்கிறீர்கள், விளையாட்டுத்தானே இது. எங்கேயோ கூரையிலிருந்து அந்தப் பெண் குரல், "ஹின்ட் வேணுமா சார்?" என்றது. "வேண்டாங்க" என்றான் அப்பு. எஞ்சிய நேரத்தில் யாரும் எதையும் தேடவில்லை. ஹேமா அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், நாடி பார்க்கிறவள் மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மணி அடித்தது. கதவு திறந்தது. முடியாதவர்களுக்கும் போட்டோ உண்டாம், 'தப்பிக்க முடியல' என்று எழுதிய அட்டையை அந்தப் பெண் நீட்டினாள், பாவம், அதைச் சிரித்துக்கொண்டேதான் செய்ய வேண்டும் அவள். கதிரேசன் அட்டையை வாங்கி நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். "எல்லாரும் கிட்ட வாங்க" என்றாள் அந்தப் பெண். வந்தார்கள். அப்புவின் தோளும் ஹேமாவின் தோளும் அவள் முதுகுக்குப் பின்னால் இடித்துக்கொண்டன, இரண்டு பேரும் விலகவில்லை. அதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பட முடியவில்லை.

அம்மாவைக் காரில் உட்கார வையுங்கள், தண்ணி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று ஹேமா பேக்கரிப் பக்கம் போனாள். அப்பு ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, அவனும் போனான். வெயில் இன்னும் இறங்கவில்லை. முன் சீட்டில் கதிரேசன் சட்டைக் காலரைத் தூக்கி ஊதிக்கொண்டார், அவர் சட்டை முழுக்கக் கட்டிலடித் தூசி. இவள் பின் சீட்டில் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தாள். பேக்கரி வாசலில் குளிர்பானப் பெட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் நின்றார்கள். இங்கிருந்து நாலு எட்டு. "உனக்கு எப்பலேருந்து தெரியும்?" என்றாள் ஹேமா. உனக்கு. அம்மாவைக் கேட்கச் சொல்லாமல், சுவரைப் பார்க்காமல், அவன் முகத்தைப் பார்த்து. சண்முகவடிவுக்கு உடம்பு சிலிர்த்தது. "பால் பாத்திரம் கரிஞ்சப்போ. பொங்கலுக்கு முன்னாடி." "எந்தப் பாலு? என்கிட்ட யாரும் சொல்லலையே. அப்படின்னா ஆட்டோ ஸ்டாண்டு உனக்குத் தெரியாதா?" "என்ன ஆட்டோ ஸ்டாண்டு?" ஹேமா சொன்னாள். அவன் கேட்டான். அவன் சொன்னான், ஹேமா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள், சின்ன வயசில் சீட்டு மாற்றிக்கொள்வார்களே, உன்னிடம் இது இருக்கா, என்னிடம் அது இருக்கு, அப்படி. சண்முகவடிவுக்கே தெரியாத ஒன்றிரண்டும் அதில் இருந்தது. இரண்டு தடவை ஒரே நாளில் போன் பண்ணி ஒரே சங்கதியைச் சொன்னாளாம். அப்புவை அவன் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம். எப்போது? ஹேமா அழ ஆரம்பித்தாள், நடுரோட்டில், தண்ணி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு. "அழாதக்கா" என்றான் அப்பு. "அக்கா, அழாத. அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." "அதை விடுடா இப்ப. அம்மாவை இனிமே தனியா விடக்கூடாதுடா." "ஆமா. ஆளுக்குக் கொஞ்ச நாள் வச்சுக்கலாம். அந்த வீட்டை என்ன பண்றது?" "பூட்டிர வேண்டியதுதான்." சண்முகவடிவு கேட்டுக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தது, எது சந்தோஷம், எது மற்றது என்று பிரிக்க முடியவில்லை. முருகா, நான் கேட்டதைக் கொடுத்துவிட்டாய். கதிரேசன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவர்களைப் பார்த்துவிட்டார், சட்டென்று திரும்பினார், முகமெல்லாம் சிரிப்பு. "அத்தை! அங்க பாருங்க! பேசுறாங்க! நம்ம பிளான் பலிச்சிட்டு பாத்தீங்களா!" "ஆமா மாப்ளை" என்றாள். "என்ன பேசுறாங்கன்னு உங்களுக்குக் கேக்குதா?" "இல்ல மாப்ளை, எனக்கு எங்க கேக்குது." அவர் மணியைப் பார்த்தார், டிராஃபிக் ஆகிவிடும் என்றார், அவர்களைக் கூப்பிடுவதற்காக ஹார்ன் பக்கம் கையைக் கொண்டு போனார். அவள் பின்னாலிருந்து எட்டி அவர் தோளைப் பிடித்தாள். "அடிக்காதீங்க மாப்ளை. பேசட்டும்."